லேப்டாப் விற்றுத் தண்ணீர் வாங்கிய கதை

பழைய பொருளை விற்பதும் ஒரு தொழில்தான். அதில் நாம் போடும் முதல் மட்டும் பணமல்ல, மானம். வீடு மாறிய கையோடு எதையாவது விற்கப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

நான் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவன். காலையில் பெரட்டுக் களத்தில் கூடும் ஆட்களின் பேர் பதிவது, மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களைப் பார்த்துக்கொள்வது, நாளைக்கு மூன்று தடவை மடுவம் என்ற நிறுவைக் கொட்டகையில் அவர்கள் கொழுந்தை நிறுத்து எழுதுவது. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வேலை. ஓய்வு பெற்றதும் குவாட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, தோட்டத்தின் மேல் டிவிஷனில் ஏழு பேர்ச் அளவுச் சின்னக் காணியில் கிடைத்த புது வீட்டுக்கு வந்தேன். வீட்டில் எல்லாம் இருந்தது, தண்ணீரைத் தவிர. தண்ணீர் பிடிக்கும் பீலி அறுபது படி கீழே. என் வலது முழங்கால் இறங்கும்போது ஒத்துக்கொள்ளும், ஏறும்போது ஒத்துக்கொள்ளாது. வீட்டுக்கு மேலே காட்டோரத்தில் வற்றாத ஊற்று ஒன்று இருக்கிறது. அங்கிருந்து குழாய் இழுத்து ஒரு தொட்டியில் விழ வைத்தால் போதும். குழாய், தொட்டி, தொட்டியை ரோட்டிலிருந்து மேலே தூக்கிவரும் கூலி, எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் ரூபாய். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த சேமலாப நிதிப் பணம் சமையலறைக்கும் பின்சுவருக்கும் போய்விட்டிருந்தது.

என் ஒரே மகள் சுமதி கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் ஐந்தாம் மாடியில் குடியிருக்கிறாள். அங்கே இரண்டு தடவை போய் இருந்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஜன்னல் தெரியும். நான் கேனைத் தூக்கிக்கொண்டு நொண்டுவதை போனில் பார்த்துவிட்டு அவள் கெடு வைத்தாள். "தீவாளிக்கு வருவோம்ப்பா. அதுக்குள்ள வீட்டுல தண்ணி வரலேன்னா பேசாம எங்ககூட கெளம்பிருங்க." அவள் சும்மா சொல்லுகிறவள் அல்ல. அவளிடம் பணம் வாங்குகிறவன் நானும் அல்ல.

விற்பதற்கென்று என்னிடம் இருந்தது ஒரு சின்ன லேப்டாப். பள்ளிக்கூடக் கொப்பி அளவுதான் இருக்கும். என் மனைவி போன பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று சுமதி வாங்கி அனுப்பியது. இரண்டு வருடத்தில் அதில் அவளோடு பேசினேன், நானே தட்டித் தட்டித் தமிழில் டைப் அடிக்கப் பழகினேன், வேறொன்றும் செய்யவில்லை. இப்போது அதன் எழுத்து என் கண்ணுக்குப் பொடியாகிவிட்டது. முகம் பார்க்க போன் போதும். விற்கட்டுமா என்று சுமதியிடம் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"தாராளமா வித்துக்கோங்க. ஆனா உங்களுக்கு விக்கத் தெரியாதுப்பா. அம்மா இருந்திருந்தா நேத்தே வித்துருப்பாங்க."

உள்ளதைச் சொல்லி ஒரு விளம்பரம்

தலவாக்கலை டவுனில் போட்டோகாப்பி கடை வைத்திருக்கும் அந்தோனி எனக்குப் பழக்கம். கடை வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறார். வீடு வாடகைக்கு, மேசை விற்பனைக்கு, டியூஷன் வகுப்பு என்று எல்லாம் அதில் ஒட்டியிருக்கும். சின்னத் தொகை கொடுத்தால் பேஸ்புக்கிலும் போட்டுவிடுவார். நான் ஒரு முழுத்தாளில் எழுதிக்கொண்டு போனேன். சின்ன லேப்டாப், இரண்டு வருடம் பாவித்தது, விலை நாற்பத்திரண்டாயிரம். மேல்மூடியில் தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம் ஒன்று உண்டு. கீபோர்டில் ஒரு கட்டையைச் சில நேரம் இரண்டு முறை அழுத்த வேண்டும். சார்ஜர் வயரைப் பூனை ஓரிடத்தில் கடித்திருக்கிறது, டேப் சுற்றியிருக்கிறேன். பேட்டரி நாலு மணி நேரம் என்று சொல்லிக் கொடுத்தார்கள், மூன்றேகாலுக்கு மேல் நான் பார்த்ததில்லை.

அந்தோனி இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மேல உள்ள ஒரு வரியோட நிப்பாட்டிருவோமா ஐயா?" என்றார். வருகிறவர்கள் கண்டுபிடித்துச் சொல்லுவதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவதுதான் மரியாதை என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டைப் செய்து, நடுப்பலகையில் ஒட்டி, பேஸ்புக்கிலும் போட்டார். நான் பணத்தை எடுத்தேன். கையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"வேணாங்க ஐயா. பாவத்தச் சொல்ற பாவசங்கீர்த்தனத்துக்கு எங்க சர்ச் சாமியார் காசு வாங்குறதில்ல."

நடுவில் ஒரு விலை

அன்று மத்தியானமே போன் அடித்தது. நுவரெலியாவிலிருந்து ஒரு கடை முதலாளி, சிங்களத்தில். பொருள் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். கடைசி விலை என்ன என்று கேட்டார். நாற்பத்திரண்டு என்றேன். வைத்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அடித்தார். பொருள் இருக்கிறதா, கடைசி விலை என்ன. நாற்பத்திரண்டு. சாயந்தரம் மூன்றாம் முறை. நான் கோபப்படவில்லை. மடுவத்தில் ஒரே எடையை மூன்று தடவை வாசிக்கச் சொல்லும் ஆட்களோடு இருந்தவன். மூன்றாம் முறையும் அதே குரலில் நாற்பத்திரண்டு என்றேன். பிறகு முதலாளி, சிங்களம் எனக்குப் புரியாதோ என்று நினைத்தாரோ என்னவோ, தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்:

"மாத்தயா, மொதல் விலையும் கடைசி விலையும் ஒண்ணுன்னா, நடுவில நான் என்ன பேசுறது?"

ஓடாத ஃபேன்

முதலில் நேரில் வந்தவர் ஹட்டனில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒருவர். வாங்கிச் சரிபார்த்து விற்பது அவர் தொழில். பையிலிருந்து ஒரு சின்ன டார்ச், ஒரு ஸ்குரூ டிரைவர் கட்டு, ஒரு பென் டிரைவ் எல்லாவற்றையும் வரிசையாக என் மேசையில் வைத்தார். டிஸ்பென்சரியில் ஊசி போடுவதற்கு முன்னால் வைப்பார்களே, அதே மாதிரி. லேப்டாப்பைப் போட்டு, காதை அதன் மேல் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். தலையை ஆட்டினார். உதட்டைப் பிதுக்கினார். "ஃபேன் போயிருச்சுங்க ஐயா. சத்தமே இல்ல. ஃபேன் ஓடலேன்னா சூடு ஏறி போர்டு போகும். பதினெட்டுக்கு மேல குடுக்க முடியாது" என்றார்.

என்னைப் பார்த்தால் ஒன்றும் தெரியாதவன் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். நான் அதிகம் பேசுவதில்லை என்பதால் அப்படி. ஆனால் அந்தப் பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்தை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தவன் நான். அதை அலமாரியிலிருந்து எடுத்து, பென்சிலால் கோடு போட்டிருந்த பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். இந்த ரகத்துக்கு ஃபேனே கிடையாது, சத்தம் போடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று அதில் போட்டிருந்தது. அவர் படித்தார். டார்ச், ஸ்குரூ டிரைவர் எல்லாவற்றையும் வந்த வரிசையிலேயே திரும்பப் பையில் வைத்தார். தேத்தண்ணி குடித்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது சொன்னார். அந்த ஒரு நாளுக்கு எனக்கு அது போதும்:

"நல்ல மெஷின்தான் ஐயா. ஆனா நல்ல மெஷின்ல எனக்கு என்ன வேலை?"

கன்றுக்குட்டி

உடப்புசல்லாவைப் பக்கம் மரக்கறித் தோட்டம் போடும் ஒருவர் இரண்டு பஸ் மாறி வந்தார். லீக்ஸ் வாசனையோடு ஒரு கட்டு லீக்ஸும் கொண்டு வந்தார். லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தன் போனைத்தான் திறந்தார். அதில் ஒரு கன்றுக்குட்டி. முன்னாலிருந்து, பின்னாலிருந்து, பக்கத்திலிருந்து என்று பதினொரு படம். நெற்றியில் வெள்ளைப் பொட்டு. தாய் எவ்வளவு கறக்கும், பாட்டி எவ்வளவு கறந்தது என்று சொன்னார். பணமாகக் கையில் இல்லை, மாற்றிக்கொள்வோம் என்றார்.

அது நல்ல கன்று. பொய் சொல்லக் கூடாது, எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கே தண்ணீர் இல்லாத வீட்டில் அதற்கு எங்கே போவேன்? நாளைக்கு நாலு வாளி குடிக்கும் என்று அவரே சொன்னார். அந்த நாலு வாளியை நினைத்தபோதே என் முழங்கால் முடியாது என்றது. நானும் முடியாது என்றேன். ஒரே வார்த்தையில் மறுத்து நான் அதற்கு முன் பழகியதில்லை, அதில் ஒரு சுகம் இருப்பது அன்றுதான் தெரிந்தது. அவர் வருத்தப்படவில்லை. லீக்ஸையும் திருப்பி எடுக்கவில்லை. லேப்டாப்பை ஒரு தடவை இரக்கத்தோடு பார்த்தார்.

"யோசிச்சுப் பாருங்க ஐயா. இந்தப் பொட்டி எத்தன வருசம் வச்சிருந்தாலும் கன்னு போடாது."

பால் காய்ச்சிய வீடு

அடுத்து வந்தவர்தான் உண்மையான வாடிக்கையாளர். மஸ்கெலியாப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். மனைவியோடும் மாமியாரோடும் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தார். புது வீட்டுக்கு வெறுங்கையோடு வரக் கூடாது என்று ஒரு கிலோ சீனி, ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. லேப்டாப் வாங்க வந்தவர்கள் வீடு பார்க்க வந்தவர்களாகிவிட்டார்கள். சமையலறையைப் பார்த்தார்கள், பின்சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், சாமிப் படத்தைக் கும்பிட்டார்கள். பிறகு ஆசிரியர் லேப்டாப்பைப் போட்டுப் பார்த்தார். விளம்பரத்தில் எழுதியிருந்த குறை எல்லாம் ஒவ்வொன்றாக இருக்கிறதா என்று சரிபார்த்துத் திருப்திப்பட்டார். பேரமே பேசவில்லை. நாற்பத்திரண்டுக்கு ஒத்துக்கொண்டு சட்டைப் பையில் கையை விட்டார். எனக்குத் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தமே கேட்டுவிட்டது.

"ஐயா, பால் காய்ச்சி எத்தன நாளாச்சு?" என்று மாமியார் கேட்டார். இருபத்திரண்டு நாள் என்றேன். அந்த அம்மா மருமகன் கையைப் பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பால் காய்ச்சிய வீட்டிலிருந்து ஒரு மண்டலத்துக்குள் பொருள் வெளியே போகக் கூடாதாம். அதிலும் வெள்ளிக்கிழமை. அதிலும் விளக்கு வைக்கும் நேரம். நாற்பத்தெட்டு நாள் முடிய இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது. அன்றைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று ஆசிரியர் சொன்னார். ஆனால் எண்ணிப் பார்த்தால் அது தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால். அதற்குப் பிறகு குழாய் எப்போது இழுப்பது, தொட்டி எப்போது ஏற்றுவது? நான் இதிலெல்லாம் அவ்வளவு பார்க்கிறவன் இல்லை என்றேன். ஆசிரியரும் தரையைப் பார்த்துக்கொண்டு, தானும் பார்க்கிறவன் இல்லை என்றார். இரண்டு பேர் பார்க்காதவர்களாக இருந்து என்ன, பார்க்கிறவர் ஒருவர் போதும். போகும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மனதாரச் சொன்னார்:

"ஒங்க வீட்டு லட்சுமிய நாங்க தூக்கிட்டுப் போனோம்னு பேர் வேணாங்க ஐயா. சீனிய எறும்பு வராம மூடி வைங்க."

ஒரு தீர்ப்பு

செய்தி எனக்கு முன்னால் டவுனுக்குப் போய்விட்டது. மேல் டிவிஷன் ஐயா மண்டலம் முடியாமல் வீட்டுச் சாமானை விற்கிறாராம். ஒரு வாரம் போன் அடிக்கவில்லை. விலை கேட்டுக்கொண்டிருந்த முதலாளிகூடக் கூப்பிடவில்லை. நான் பீலியில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தேன். சுமதி ஞாயிற்றுக்கிழமை போனில், "பெட்டிய கட்ட ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். மழை வரும்போல இருக்கிறது என்று பதில் சொன்னேன்.

அப்புறம் செல்வராணி கூப்பிட்டாள். நடு டிவிஷனில் கொழுந்து எடுக்கிறவள். இருபது வருடத்துக்கு மேல் என் தராசில் நிறுத்தவள். வேகமான கை, அதைவிட வேகமான வாய். அவள் மகளுக்கு யூனிவர்சிட்டி கிடைத்திருந்தது. பஸ்ஸில் கொண்டு போகிற அளவுக்குச் சின்னதாக ஒன்று வேண்டும் என்று அந்தப் பெண் தேடிக்கொண்டிருந்தாளாம். நான் கணக்கப்பிள்ளையாக இருந்து பழகிய குணம், முதலில் குறையைத்தான் சொன்னேன். வீட்டிலிருந்து பொருள் போகக் கூடாது என்று ஊரே சொல்கிறதே என்றேன். செல்வராணி ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை:

"நாங்க வந்து எடுத்தாத்தான் ஐயா அது வெளிய போறது. நீங்களே கையில கொண்டாந்தா அது ஒங்ககூட வர்றது. நாளைக்கு மத்தியானம் மடுவத்துக்கு வந்துருங்க."

மடுவம்

ஓய்வு பெற்ற பிறகு மடுவத்துப் பக்கம் நான் போகவில்லை. அன்று போனேன். மத்தியான நிறுவை நேரம். கூரைக்கு அடியில் கொழுந்துச் சாக்குகளோடு இருபது பேர் வரிசையில் நின்றார்கள். மழை இல்லை, நல்ல வெயில். புதுக் கணக்கப்பிள்ளை எனக்கு நாற்காலி போட்டார். நான் உட்காருவதற்குள் செல்வராணி வரிசையை விட்டு வந்து, பையோடு லேப்டாப்பை என் கையிலிருந்து வாங்கி, நேரே தராசுக் கொக்கியில் மாட்டினாள். "ஒண்ணேகால்" என்று வாசித்தாள். வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. "காலையில நிறுத்தாலும் சாயந்தரம் நிறுத்தாலும் இது வாடிக் குறையாது செல்வராணி" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். கூட்டத்தைச் சிரிக்க வைத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மகள் எழுதிக் கொடுத்த துண்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் பதில் சொன்னேன். பொருள் பிடித்துவிட்டது. விலைக்கு வந்தோம். நாற்பத்திரண்டு. "சரிங்க. சாக்குக்கு ஒண்ணு கழிங்க" என்றாள், பையைக் காட்டி. நிறுக்கும்போது சாக்கின் எடையைக் கழிப்பது வழக்கம். நான்தான் அவளுக்கு அத்தனை வருடம் கழித்தவன். அவள் கணக்கில் ஒரு கிலோ என்றால் இங்கே ஆயிரம் ரூபாய். "பையும் ஒனக்குத்தானே வருது" என்றேன். "சாக்கு சாக்குதாங்க" என்றாள். பின்னாலிருந்து ஒரு குரல், "ஐயா சட்டம் தெரிஞ்சவரு, கழிச்சிருவாரு" என்றது. கழித்தேன். நாற்பத்தொன்று. "முத்தின எலைக்கு ஒண்ணு" என்று மூடியில் இருந்த கோப்பை வட்டத்தைத் தொட்டாள். முற்றின இலை இருந்தால் கழிப்பதும் நான்தான். கழித்தேன். நாற்பது. அதற்குக் கீழே எனக்கு இடமில்லை. தொட்டி, குழாய், தூக்குகூலி எல்லாம் அந்த நாற்பதில்தான் இருந்தது.

"அப்பறம் தண்ணிக்கு ரெண்டு" என்றாள். மழை நாளில் கொழுந்து நனைந்திருக்கும். அந்த ஈரத்துக்கு இரண்டு கிலோ கழிப்போம். நான் வெளியே காய்ந்து கிடந்த பாதையைப் பார்த்தேன். பிறகு லேப்டாப்பைப் பார்த்தேன். "இதுல தண்ணி ஏது செல்வராணி?" என்று கேட்டேன். சிரிப்பை எதிர்பார்த்துத்தான் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அவளும் கோபமாகச் சொல்லவில்லை. சாக்கைத் தோளில் சரிசெய்துகொண்டு, மணி கேட்பதுபோலக் கேட்டாள்:

"வெயில் காலத்துல எங்க கொழுந்துல தண்ணி ஏதுங்க ஐயா? அந்த ரெண்டு கிலோவுல எனக்கு எத்தன நாள் அரைப்பேர் விழுந்துச்சுன்னு ஒங்க கொப்பியில இருக்கும்."

மிச்சம் இரண்டு

அரைப்பேர் என்றால் எடை குறைந்ததற்காக அரை நாள் சம்பளம். மழையோ வெயிலோ இரண்டு கழி என்பது ஆபீஸ் கட்டளை. அதை அங்கே நான் சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். ஆனால் பென்சில் ஆபீஸ் கையில் இல்லை, என் கையில்தான் இருந்தது. இருபது பேர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தனை பேர் பெயருக்கு நேரேயும் நான் அந்த இரண்டை எழுதியிருக்கிறேன். "கழிச்சுக்க. அது கழிக்க வேண்டியதுதான்" என்றேன். முப்பத்தெட்டு. அவள் பணத்தைக் கொடுத்தாள், நான் லேப்டாப்பைக் கொடுத்தேன். பை, சார்ஜர், கோடு போட்ட அந்தச் சின்னப் புத்தகம் எல்லாம் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், மனதில் ஒரு பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது, தொட்டி ரோட்டிலேயே நின்றுவிட்ட மாதிரியும் இருந்தது.

திரும்ப நடக்கும்போது பின்னாலேயே வந்தாள். "தொட்டி எப்பங்க வருது?" என்று கேட்டாள். நான் வத்தளைக்குப் போக வேண்டியிருக்கும் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. தோட்டத்தில் எதுதான் தெரியாது? சனிக்கிழமை லொறியில் வரும், ரோட்டில் இறக்கிவிடுவார்கள், மேலே தூக்க ஆள் பார்க்க வேண்டும் என்றேன். தூக்குகூலி மொத்தம் எவ்வளவு என்றாள். இரண்டாயிரம் என்றேன், தண்ணிக்குக் கழிந்த அதே தொகை. அவள் நின்றுவிட்டாள். அப்படியே என்னைப் பார்த்தாள்.

"இத மடுவத்துலயே சொல்லியிருந்தா நான் ஒண்ணுதானே கழிச்சிருப்பேன். வாயத் தொறந்தா என்னங்க ஐயா?"

தொட்டி ஏறிய நாள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன். கீழே சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் தேயிலைச் செடிகளுக்கு மேலே கறுப்பாக ஒன்று ஆடி ஆடி வந்தது. என் தொட்டிதான். அதன் அடியில் பதினாறு கால். செல்வராணி, அவள் புருஷன், மடுவத்தில் வரிசையில் நின்றவர்களில் ஆறு பேர். கயிறு கட்டி, இரண்டு கம்பைக் குறுக்கே கொடுத்து, தேர் தூக்குகிற மாதிரி தூக்கிவந்தார்கள். வளைவில் ஒரு தடவை தொட்டி கையை விட்டு நழுவி, செடிக்குள் உருண்டு நின்றது. திட்டிக்கொண்டே திரும்ப ஏற்றினார்கள். யார் யாரைத் திட்டியது என்று நான் எழுதப் போவதில்லை. எல்லாரும் என் முன்னாள் பேர்ப் புத்தகத்தில் இருப்பவர்கள்.

மத்தியானத்துக்குள் குழாயையும் இழுத்துவிட்டார்கள். ஆசிரியர் வீட்டுச் சீனியில் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தேன், வேறு கூலி யாரும் வாங்கவில்லை. நான் நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். இந்தத் தடவை நிஜமாகவே திறந்தேன். அதற்குள் செல்வராணி கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

"வெறுந்தொட்டியத்தான் தூக்கினோம் ஐயா. இதுல தண்ணிக் கழிவு கெடையாது."

தீபாவளி

சுமதியும் மருமகனும் தீபாவளிக்கு முதல் நாள் வந்தார்கள். என் துணிகளுக்கென்று ஒரு காலிப் பெட்டியும் கொண்டு வந்திருந்தாள். கை கால் கழுவிவிட்டு வா என்று மட்டும் சொன்னேன். அவள் வாளியைத் தேடினாள். சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். முதலில் காற்று, பிறகு மண் கலந்து கொஞ்சம், பிறகு காட்டு ஊற்றுத் தண்ணீர் கொட்டியது. அவள் கையை நீட்டினாள், சட்டென்று இழுத்துக்கொண்டாள். மறுபடி நீட்டினாள். முகத்தைக் கழுவிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். லேப்டாப் எவ்வளவுக்குப் போனது என்று கேட்டாள். சொன்னேன். எப்படிப் போனது என்று கேட்டாள். அதையும் முழுவதும் சொன்னேன். சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரம் நான் விடாமல் பேசி அவள் கேட்டதில்லை. மருமகன் அந்தக் காலிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். சுமதி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். குளிரில் பல் கிட்டிக்கொண்டது.

"ஐஸ் மாதிரி இருக்குப்பா. இதுக்கா வத்தளைய வேணாமுன்னீங்க?"

முப்பத்தொரு வருடம் மற்றவர்களுக்குக் கழித்தவனுக்கு ஒரே ஒரு மத்தியானம் ஒருத்தி கழித்துக் காட்டியும் ஒரு வீடு மிச்சம் நின்றது என்றால், அதை நஷ்டம் என்று எழுத எந்தக் கணக்கப்பிள்ளைக்கும் கை வராது.